சென்னை – சிங்கப்பூர்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

போன ஜூலையில் அம்பாசமுத்திரத்திலிருந்து சித்தப்பா போன் செய்தார். மகளுக்குப் பேறுகாலம், அதனால் சிங்கப்பூர் கிளம்புகிறார். விமானத்தில் ஏறுவது இதுதான் முதல் முறை. டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். "என்னடே இது, ராத்திரி பதினொண்ணே காலுக்குக் கிளம்பி காலையில ஆறு மணிக்குப் போய்ச் சேரும்னு போட்டிருக்கு. ஆறே முக்கால் மணி நேரம். திரும்பி வரும்போது ராத்திரி எட்டு மணிக்கு ஏறினா ஒம்பதே முக்காலுக்குச் சென்னை. ஒண்ணே முக்கால் மணி நேரம்தான். போறதும் வாறதும் ஒரே கடல் மேலதானே?"

அவருக்குச் சர்க்கரை உண்டு. ராத்திரி மாத்திரை, சாப்பாடு, காலை மாத்திரை எல்லாமே மணிக்கணக்கு. வானத்தில் நாலு மணி நேரமா, ஏழு மணி நேரமா என்பது அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டிய விஷயம். அன்று போனில் பாதிதான் விளக்க முடிந்தது. முதல் தடவை பயணம் போகிறவர்கள் பலருக்கும் இதே குழப்பம் வருவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் முழுசாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் கடிகாரத்தைச் சரி செய்துகொள்வோம். டிக்கெட்டில் அச்சாகும் நேரம் அந்தந்த ஊரின் நேரம். கிளம்பும் நேரம் சென்னைக் கடிகாரப்படி, சேரும் நேரம் சிங்கப்பூர்க் கடிகாரப்படி. இந்திய நேரம் கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. சிங்கப்பூர் எட்டு மணி நேரம் முன்னால். இரண்டுக்கும் இடையே இரண்டரை மணி நேரம். சித்தப்பா ராத்திரி 11:15க்குக் கிளம்பும்போது சிங்கப்பூரில் ஏற்கெனவே அதிகாலை 1:45. அங்கே காலை 6:00 மணிக்கு இறங்கினால், இடையில் ஓடியது 4 மணி 15 நிமிடம். திரும்பும்போது கணக்கு தலைகீழ். அங்கே இரவு 8:00 என்றால் இங்கே மாலை 5:30. இரவு 9:45க்குச் சென்னை வந்தால் அதுவும் 4 மணி 15 நிமிடம்தான்.

நேர வித்தியாசம் தெரியாதபோதும் ஒரு வழி இருக்கிறது. போக, வர இரண்டு டிக்கெட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடிகார நேரத்தை அப்படியே கழித்து வரும் இரண்டு விடைகளையும் கூட்டிப் பாதியாக்குங்கள். ஆறே முக்காலும் ஒன்றே முக்காலும் எட்டரை. அதில் பாதி நாலே கால். இது பயண நேரம். இரண்டையும் கழித்துப் பாதியாக்கினால், ஐந்தில் பாதி இரண்டரை. இது இரண்டு ஊர்களுக்கும் இடையிலான நேர வித்தியாசம். போகும் நேரமும் வரும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் வழித்தடங்களில் இது அழகாக வேலை செய்யும். சித்தப்பாவுக்கு இதைச் சொன்னதும் காகிதத்தில் எழுதிப் பார்த்து, "அட, ஆமா" என்றார்.

ஐரோப்பா, அமெரிக்கா போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றி வைப்பார்கள். லண்டனுக்கும் நமக்கும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேர வித்தியாசம். மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை நாலரைதான். சிங்கப்பூரில் அந்த வழக்கம் இல்லை.

எந்தத் தூரம்?

சரி, தூரத்துக்கு வருவோம். "சென்னைக்கும் டெல்லிக்கும் எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்டால் ரயிலில் போகிறவர் சுமார் 2,180 என்பார். விமானக் கணக்கில் அது 1,760 தான். நடுவே உள்ள 400 சொச்சம் கிலோமீட்டரும் ரயில் பாதையின் வளைவு. மலையைச் சுற்ற வேண்டும், பாலம் இருக்கும் இடத்துக்குப் போய் ஆற்றைக் கடக்க வேண்டும், நடுவில் ஊர்களைத் தொட வேண்டும். சென்னை – மதுரையும் அப்படித்தான். எழும்பூரிலிருந்து தண்டவாளத்தில் போனால் சுமார் 490 கிலோமீட்டர், இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே நேராக அளந்தால் 418.

இந்த நேர்த் தூரத்தை ஒரு சாதாரண பள்ளிக்கூட வரைபடத்தை வைத்துக்கொண்டு நாமே கண்டுபிடிக்கலாம். எனக்கு இதில் தனிப் பிரியம் உண்டு, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர். அதை 360 டிகிரியாகப் பிரித்தால் ஒரு டிகிரிக்குச் சுமார் 111 கிலோமீட்டர். வடக்கு தெற்காக ஒரு டிகிரி நகர்ந்தால் 111 கிலோமீட்டர் நகர்ந்ததாக அர்த்தம். அந்த ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் கிடைப்பதுதான் கடல் மைல், 1.852 கிலோமீட்டர். விமானிகளும் மாலுமிகளும் இன்றுவரை கடல் மைலில் கணக்குப் போடுவது இதனால்தான். வரைபடத்தின் டிகிரியிலிருந்து நேராகத் தூரம் கிடைத்துவிடும்.

டெல்லியை எடுத்துக்கொள்வோம். சென்னை வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது, டெல்லி 28.6 டிகிரியில். வித்தியாசம் 15.6. அதை 111ஆல் பெருக்கினால் சுமார் 1,730 கிலோமீட்டர். டெல்லி சென்னைக்கு நேர் வடக்கே இல்லை, கொஞ்சம் மேற்கே தள்ளி இருக்கிறது. சென்னையின் தீர்க்கரேகை 80.2, டெல்லி 77.1, ஆக 3.1 டிகிரி மேற்கே. இங்கேதான் ஒரு சிக்கல். கிழக்கு மேற்காகப் போகும்போது ஒரு டிகிரி எல்லா இடத்திலும் ஒரே நீளம் இல்லை. தீர்க்கரேகைகள் எல்லாம் துருவத்தில் ஒன்றுகூடுகின்றன, ஆரஞ்சுச் சுளைகள் நுனியில் சேர்வது மாதிரி. அதனால் நிலநடுக்கோட்டில் 111 கிலோமீட்டராக இருக்கும் ஒரு டிகிரி சென்னையில் 108, டெல்லியில் 98, லண்டனில் 69 என்று சுருங்கிக்கொண்டே போகும். சென்னைக்கும் டெல்லிக்கும் நடுவே உள்ள அட்சரேகையில் 104 என்று வைத்தால் 3.1 டிகிரிக்குச் சுமார் 320 கிலோமீட்டர். வடக்கே 1,730, மேற்கே 320. பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றப்படி கர்ணத்தைக் கண்டுபிடித்தால் 1,760. கணினி சொல்லும் விடையும் அதேதான்.

அந்த "ஒரு டிகிரி எத்தனை நீளம்" என்ற கேள்விக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் ஒரு பழைய உறவு உண்டு. விமான நிலையத்தின் பக்கத்தில் நிற்கும் பரங்கிமலையின் அடிவாரத்திலிருந்து பெரும்பாக்கம் வரை சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நேர்க்கோட்டை 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி சங்கிலி வைத்து அளந்தார். இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளந்த மாபெரும் நில அளவைக்கு அந்தக் கோடுதான் அடித்தளம். அவர் அறிய விரும்பியவற்றில் முக்கியமானது, இந்த அட்சரேகையில் பூமியின் ஒரு டிகிரி எவ்வளவு நீளம் என்பது. மீனம்பாக்கத்தில் விமானம் எழும்பும்போது ஜன்னலில் பரங்கிமலை தெரிந்தால் எனக்கு அவர் நினைவு வரும். மலை உச்சியில் அவருக்கு ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது.

இதே முறையில் சிங்கப்பூர்க் கணக்கையும் போடலாம். தெற்கே 11.6 டிகிரி, கிழக்கே 23.8 டிகிரி. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் கிழக்கு மேற்கு டிகிரிக்கு 110 என்று வைத்துக்கொள்ளலாம். விடை சுமார் 2,920 கிலோமீட்டர். ஒரு காலத்தில் இந்தத் தூரத்தை ரஜுலா கப்பலில் நாகப்பட்டினம், பினாங்கு வழியாக நாள்கணக்கில் கடந்தார்கள். இன்று விமானம் வங்கக் கடலின் குறுக்கே போய், நிக்கோபார் தீவுகளை ஒட்டி, மலாக்கா நீரிணைப் பக்கம் இறங்குகிறது.

லண்டனுக்கு மட்டும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 8,700 கிலோமீட்டர் என்று வரும். உண்மையான தூரம் சுமார் 8,230. கிட்டத்தட்ட 470 கிலோமீட்டர் அதிகம்! கணக்கில் தப்பு இல்லை, காகிதத்தில்தான் தப்பு. பிதாகரஸ் தேற்றம் தட்டையான தளத்துக்கானது. ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் வரை பூமியைத் தட்டை என்று பாவித்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. அதற்கு மேல், அதுவும் நிலநடுக்கோட்டைவிட்டு வடக்கே போகப் போக, பூமியின் உருண்டை வடிவம் தன் வேலையைக் காட்டிவிடும்.

வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் எடுங்கள். பூக்கட்டும் நூலின் ஒரு முனையை டெல்லியிலும் மறுமுனையை சான் பிரான்சிஸ்கோவிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். சுவரில் மாட்டும் வரைபடத்தில் இரண்டு ஊர்களும் மேற்கும் கிழக்குமாக எதிரெதிர்க் கோடியில் இருக்கும். நடுவே பசிபிக் அல்லது அட்லாண்டிக் கடல்தான் வழி என்று தோன்றும். ஆனால் நூல் அப்படிப் போகாது. நேராக வடக்கே ஏறி, சைபீரியாவைத் தாண்டி, ஆர்க்டிக் கடலைத் தொட்டு, அலாஸ்கா பக்கம் இறங்கும். நூல் நெளியாமல் விறைப்பாக நிற்கும் அந்தப் பாதைதான் மிகக் குறுகிய பாதை. அதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். பூமியின் மையத்தின் வழியாக ஒரு கத்தியைச் செலுத்தி இரண்டு ஊர்களையும் தொடும்படி வெட்டினால், தோலில் விழும் வெட்டுக்கோடு அது. இணையத்தில் "இரண்டு நகரங்களுக்கு இடையே விமானத் தூரம்" என்று தேடினால் வரும் எண் இந்தக் கோட்டின் நீளம்தான். 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் மட்டுமே கொண்ட குழு ஒன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருவுக்கு வட துருவத்தின் மேலாகவே விமானத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. கிட்டத்தட்ட 14,000 கிலோமீட்டர், சுமார் 17 மணி நேரம்.

800ஆல் வகுத்து, அரை மணி நேரத்துக்கு மேல் கொஞ்சம்

தூரம் கிடைத்துவிட்டது. அதை வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடுமே என்று தோன்றும். மதுரையை வைத்துப் பார்ப்போம். நம் ஊர் வழித்தடங்களில் அதிகம் பறக்கும் ஏர்பஸ் ஏ320 உயரத்தில் மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 418 கிலோமீட்டருக்கு அரை மணி நேரம் போதும். ஆனால் டிக்கெட்டில் ஒரு மணி பத்து நிமிடத்துக்குக் குறையாமல் போட்டிருக்கும். மீதி நாற்பது நிமிடம் எங்கே போனது?

டிக்கெட்டில் உள்ள நேரம் சக்கரம் தரையைவிட்டு எழுவதிலிருந்து தொடங்குவதில்லை. நின்ற இடத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்து, விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து ஆரம்பித்து, போன ஊரில் மறுபடி கட்டை வைத்து நிறுத்துவது வரைக்கும் உள்ள நேரம் அது. ஓடுபாதை வரை ஊர்ந்து போவதற்கே பத்துப் பதினைந்து நிமிடம் ஆகிவிடும். முன்னால் நாலு விமானம் வரிசையில் நின்றால் இன்னும் கூடும். எழுந்த பிறகும் உடனே முழு வேகம் கிடையாது. 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 460 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது பரவலான விதி. 35,000 அடி ஏற இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். இறங்குவது அதைவிட நிதானம். விமானிகள் மனதில் வைத்திருக்கும் கணக்கு, ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் மூன்று கடல் மைல். 35,000 அடியிலிருந்து இறங்க 105 கடல் மைல், கிட்டத்தட்ட 195 கிலோமீட்டர் தேவை.

மதுரை விமானத்தை இப்போது பாருங்கள். ஏறுவதற்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர், இறங்குவதற்கு 200 கிலோமீட்டர். இருப்பதே 418! ஏறி முடிந்ததும் இறங்க வேண்டியதுதான். அதனால் இந்த மாதிரிக் குறுகிய தடங்களில் பெரும்பாலும் அத்தனை உயரம் ஏறுவதே இல்லை. தண்ணீரும் சாண்ட்விச்சும் கொண்டுவரும் பணிப்பெண்கள் அவ்வளவு அவசரப்படுவது ஏன் என்றும் புரியும். வண்டியைக் கடைசி வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் "இருக்கைப் பட்டையை அணியுங்கள்" விளக்கு எரிந்துவிடுகிறது.

ஆக, ஜெட் விமானத்துக்கு நான் வைத்திருக்கும் எளிய சூத்திரம் இது. கிலோமீட்டரை 800ஆல் வகுங்கள். வரும் மணி நேரத்தோடு 35 நிமிடத்தைக் கூட்டுங்கள். மதுரைக்கு ஒரு மணி ஆறு நிமிடம் வரும். டெல்லிக்கு 2 மணி 47 நிமிடம், சிங்கப்பூருக்கு 4 மணி 14 நிமிடம், லண்டனுக்கு 10 மணி 52 நிமிடம். டிக்கெட்டில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கால் மணி, அரை மணி நேரத்துக்குள் பொருந்தும்.

ஜெட்டாக இல்லாமல், வெளியே சுழலும் விசிறியால் (புரொப்பெல்லர்) பறக்கும் விமானத்துக்கு இந்தச் சூத்திரம் சரிப்படாது. 2019 நவம்பரில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் விட்டபோது ஓடியது ஏடிஆர் 72. அதன் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர்தான். யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலி மதுரையைவிடப் பக்கம், 356 கிலோமீட்டர்தான். ஆனாலும் பயண நேரம் மதுரை ஜெட்டைவிடக் குறையாது. டிக்கெட் எடுக்கும்போது விமானத்தின் வகை என்ன என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டால் இந்த ஆச்சரியம் வராது.

காற்று

இதுவரை சொன்னதெல்லாம் அசையாத காற்றில் பறக்கும் விமானத்துக்கு. நிஜத்தில் காற்று ஓர் ஆறு. விமானம் அதில் போகும் படகு.

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர் நீரோட்டத்தோடு போகும்போதும் எதிர்த்து வரும்போதும் ஒரே பலத்தில்தான் துடுப்புப் போடுகிறார். கரையிலிருந்து பார்க்கிறவருக்குத்தான் ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் தெரியும். விமானத்தின் இன்ஜின் காற்றை வைத்துத்தான் வேகம் எடுக்கிறது. அந்தக் காற்றே ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தால் தரையைப் பொறுத்த வேகம் கூடும் அல்லது குறையும். நமக்கு வேண்டியது தரைவேகம். ஏனென்றால் ஊர் தரையில் இருக்கிறது.

இதில் பலரும் ஏமாறும் ஓர் இடம் உண்டு. போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று, இரண்டும் சரியாகிவிடும் என்று நினைப்போம். சரியாகாது. 3,150 கிலோமீட்டர் தூரம், விமான வேகம் 800, காற்று 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்துப் போகும்போது தரைவேகம் 700. நாலரை மணி நேரம். திரும்பும்போது 900, மூன்றரை மணி நேரம். மொத்தம் 8 மணி நேரம். காற்றே இல்லாவிட்டால் போக வர 7 மணி 52 நிமிடம்தான். ஏன் நஷ்டம்? எதிர்காற்றில் மெதுவாகப் போவதால் அந்தக் காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம். பின்காற்றில் வேகமாகப் போவதால் அதன் உதவி சீக்கிரமே முடிந்துவிடுகிறது.

இன்னொரு தவறான நம்பிக்கை: "பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுற்றுகிறது, அதனால் மேற்கே பறந்தால் ஊர் தானாகவே நம் பக்கம் வந்துவிடும்." அப்படி இருந்தால் சென்னையில் ஒரு ஹெலிகாப்டர் ஒரு மணி நேரம் அந்தரத்தில் நின்றால் அரபிக் கடலில் இறங்க வேண்டும். காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. விமானமும் தரையில் நிற்கும்போதே அந்தச் சுழற்சியோடுதான் இருக்கிறது. நிஜத்தில் ஐரோப்பா, அமெரிக்கா, வட இந்தியா இருக்கும் அட்சரேகைகளில் மேற்கே போகும் விமானம்தான் தாமதம். காரணம், அங்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகக் காற்றோட்டங்கள். 2020 பிப்ரவரியில் ஒரு பெரும் புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும் பயணம். தரைவேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. அப்படியானால் ஒலியின் வேகத்தை மிஞ்சிவிட்டதா? இல்லை. ஆற்றைப் பொறுத்துப் படகு வழக்கமான வேகத்தில்தான் போனது. அன்று ஆற்றில் வெள்ளம்.

காற்று எத்தனை பெரிய விஷயம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் டெல்லி – சான் பிரான்சிஸ்கோ. ஏர் இந்தியா முதலில் அட்லாண்டிக் வழியாக, மேற்கே போய்க்கொண்டிருந்தது. 2016 அக்டோபரில் திசையை மாற்றி, கிழக்கே பசிபிக் வழியாகப் போகத் தொடங்கியது. தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடி, மொத்தம் 15,000ஐத் தாண்டியது. நேரம் சுமார் இரண்டு மணி நேரம் குறைந்தது! பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அதிகத் தூரம், குறைந்த நேரம், முழுக்கப் பின்காற்றின் புண்ணியம்.

நம் தென்னிந்தியாவின் மேல் கதை வேறு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, நம் தலைக்கு மேல் 12 கிலோமீட்டருக்கும் மேலே கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெரும் காற்றோட்டம் ஓடுகிறது. கீழே மழைக்காற்று மேற்கிலிருந்து வீச, மேலே நேர் எதிராக அது. கோடையில் திபெத்திய மேட்டுநிலத்தின் மேலுள்ள காற்று சூடேறுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். உச்சத்தில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். இதை 1958இல் விரிவாக விளக்கி உலகுக்குச் சொன்னவர் பி. கோட்டீஸ்வரம் என்ற இந்திய வானிலை விஞ்ஞானி. பின்னாளில் இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கே தலைவரானவர். நம்மவர் கண்டுபிடித்த காற்று நம் தலைக்கு மேல் ஓடுகிறது என்பதை எத்தனை பள்ளிக்கூடங்களில் சொல்லித் தருகிறார்கள்? விமானங்கள் அந்தக் காற்றோட்டத்தின் கீழ் ஓரத்தில் பறப்பதால் முழு வேகமும் தாக்காது. ஆனாலும் ஜூலையில் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகிறவருக்கு அது எதிர்காற்று, வருகிறவருக்குப் பின்காற்று.

இன்னும் சில நிமிடங்கள்

விமானம் பெருவட்டக் கோட்டில் அப்படியே போவதும் இல்லை. வானத்திலும் பாதைகள் உண்டு, பெயர் வைத்த சந்திகள் உண்டு. ஒரு கட்டுப்பாட்டு அறை அடுத்ததிடம் ஒப்படைத்துக்கொண்டே போகும். சிங்கப்பூர் விமானத்தைப் பாதிக் கடல் வரை சென்னை பார்த்துக்கொள்ளும், பிறகு கோலாலம்பூர், கடைசியில் சிங்கப்பூர். இதனால் ஒன்றிரண்டு சதவீதம் தூரம் கூடுவது சாதாரணம்.

நாடுகள் வான்வழியை மூடும்போதுதான் பெரிய அடி விழும். 2019இல் பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூலை வரை பாகிஸ்தான் தன் வானத்தை மூடியது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மறுபடியும் மூடியது. டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் குஜராத் பக்கம் இறங்கி அரபிக் கடல் மேலாகச் சுற்ற வேண்டியதாயிற்று. 2022இல் ரஷ்யாவின் வானம் ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டதும் ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம் ஒன்பதரை மணி நேரத்திலிருந்து சுமார் 13 மணி நேரமாகிவிட்டது. ஊர்கள் நகரவில்லை, பெருவட்டத் தூரமும் மாறவில்லை.

ஓடுபாதையின் திசையும் ஐந்து நிமிடத்தைக் கூட்டும், குறைக்கும். விமானம் பொதுவாகத் தரைக்காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். சென்னையின் முக்கிய ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காக இருக்கிறது. கடற்காற்று வீசும்போது கடலை நோக்கி எழுந்து நேராகச் சிங்கப்பூர்ப் பக்கம் திரும்பிவிடலாம். மேற்குக் காற்று வீசினால் உள்நாட்டுப் பக்கம் எழுந்து, ஒரு பெரிய வட்டம் அடித்துக் கடலுக்கு வர வேண்டும். இந்த மாதிரித் தாமதங்களையெல்லாம் எதிர்பார்த்து நிறுவனங்கள் டிக்கெட் நேரத்திலேயே கொஞ்சம் சேர்த்துப் போட்டு வைக்கின்றன. புறப்பட இருபது நிமிடம் தாமதமானாலும் பல நாள் சரியான நேரத்துக்கே போய்ச் சேர்வது அதனால்தான்.

சித்தப்பாவுக்கு இதில் வேண்டியதை மட்டும் எழுதி அனுப்பினேன். வானத்தில் நாலு மணி நேரம். ஆனால் வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். இறங்கிய பிறகு குடிநுழைவு வரிசை, பெட்டி, வீடு என்று இன்னும் ஒன்றரை மணி நேரம். வீட்டுக்கு வீடு ஒன்பது, பத்து மணி நேரம் என்று வைத்து மாத்திரை நேரத்தை அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். கைப்பையில் பிஸ்கட் பொட்டலமும் வைத்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது இரண்டு போர்டிங் பாஸ்களையும் என்னிடம் நீட்டினார். பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தார். போகும்போது: சக்கரம் தூக்கினது 11:36, தரை தொட்டது 6:04, முன்சீட் திரையில் வேகம் 770. வரும்போது: தூக்கினது 8:24, தொட்டது 9:30, வேகம் 890. இரண்டரை மணி நேரத்தை அவரே கழித்தும் கூட்டியும் போட்டிருந்தார். போக 3 மணி 58 நிமிடம், வர 3 மணி 36 நிமிடம். "இருபத்திரெண்டு நிமிஷம் வித்தியாசம்டே. நீ சொன்ன கெழக்குக் காத்துதானே?" என்றார். ஆமாம் சித்தப்பா என்றேன். "பேரனுக்கு மொட்டை போட டிசம்பர்ல மறுபடி போகணும். அப்ப?" டிசம்பரில் அந்தக் காற்றோட்டம் இருக்காது, அந்தக் கடல் மேல் காற்று பலவீனமாகத்தான் இருக்கும், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும் என்றேன். பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.